டாலருக்குப் பழைய ரேட் பார்க்கப் போகிறீர்களா? எந்தப் பட்டியலை எதற்கு எடுப்பது

ஆகஸ்ட் 15 வந்தால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கொடிப் படத்தோடு ஒரு செய்தியும் வந்துவிடும்: "1947-இல் ஒரு ரூபாய்க்கு ஒரு டாலர்!" சித்தப்பா அனுப்புவார், பத்துப் பேர் பெருமூச்சு விடுவார்கள். சரிபார்க்க இணையம்கூடத் தேவையில்லை, மனக்கணக்கே போதும். அன்று ரூபாய் பிரிட்டிஷ் பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது. ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது ஒரு பவுண்டுக்கு 13.33 ரூபாய். ஒரு பவுண்டுக்கு 4.03 டாலர். வகுத்தால் டாலருக்குச் சுமார் 3.30 ரூபாய். 1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டை 2.80 டாலராக இறக்கியபோது ரூபாயும் கூடவே இறங்கியது. 13.33-ஐ 2.80-ஆல் வகுத்துப் பாருங்கள், 4.76 வரும்.

இதைச் சித்தப்பாவுக்கு விளக்கப் போய்த்தான் எனக்கே ஒன்று உறைத்தது. ரூபாய்–டாலர் பழைய விலை என்று தேடினால் ஆறேழு இடங்கள் வந்து நிற்கின்றன. ஒரே நாளுக்கு, ஒரே ஆண்டுக்கு, வேறு வேறு எண்கள். எதுவும் பொய் இல்லை. ஒவ்வொன்றும் வேறொரு வேலைக்காகப் பிறந்தது.

நீண்ட காலக் கதைக்கு: உலக வங்கி, ரிசர்வ் வங்கி, ஃப்ரெட்

பள்ளிக் கட்டுரைக்கோ, யூடியூப் காணொளிக்கோ, சித்தப்பாவுக்கோ என்றால் உலக வங்கியின் பட்டியல் வசதி. 1960-இலிருந்து ஆண்டுக்கு ஓர் எண். இந்தியாவுக்கு முதல் வரியே 4.76. பல நாடுகள் ஒரே அட்டவணையில் இருப்பதுதான் இதன் பலம். இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-இல் அங்கும் 4.76-தான், இரண்டு ரூபாயும் சமம். 1966 ஜூன் 6-ஆம் தேதி இந்தியா தன் ரூபாயை 4.76-இலிருந்து 7.50-க்கு இறக்கியது. இலங்கை இறக்கவில்லை. ஒரே இரவில் ஓர் இலங்கை ரூபாய்க்கு ஏறத்தாழ ஒன்றரை இந்திய ரூபாய் என்றாகிவிட்டது. 1967 நவம்பரில் பவுண்டு மறுபடி விழுந்தபோது இலங்கை கூடவே இறங்கியது, அந்த முறை இந்தியா அசையவில்லை. இன்றைய விலையை மட்டும் தெரிந்தவர்களுக்கு இது கட்டுக்கதை போலத் தோன்றும்.

ஆனால் ஆண்டுச் சராசரி என்பது சாம்பாரில் கரைந்த பருப்பு மாதிரி, தனியாக எடுத்துக் காட்ட முடியாது. 1991 ஜூலை 1, ஜூலை 3 என இரண்டு தவணையில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். மன்மோகன் சிங் நிதியமைச்சர், எஸ். வெங்கிட்டரமணன் ரிசர்வ் வங்கி ஆளுநர், சி. ரங்கராஜன் துணை ஆளுநர். 21 ரூபாயில் இருந்த டாலர் மூன்றே நாளில் 26-ஐ ஒட்டிப் போனது. உலக வங்கி அந்த ஆண்டுக்குத் தரும் எண் 22.74. அப்படி ஒரு விலை அந்த ஆண்டில் எத்தனை நாள் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேட்டைத் திறந்தால் 1991-92-க்கு 24.47 என்று இருக்கும். இது ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டுச் சராசரி, முன்னது ஜனவரி முதல் டிசம்பர் வரை. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் ஒரு வரியை அங்கிருந்தும் அடுத்த வரியை இங்கிருந்தும் எடுத்து வரைபடம் போடுகிறவர்கள் உண்டு. நானும் ஒருமுறை செய்தேன். இந்தியப் பொருளாதாரம் பற்றி எழுதுவதென்றால் கையேட்டைத்தான் எடுப்பேன். பட்ஜெட், ஏற்றுமதி, கடன் எல்லாமே நிதியாண்டில்தான் வருகின்றன, ரேட் மட்டும் காலண்டர் ஆண்டில் இருந்தால் ஒட்டாது.

1992 இன்னும் சிக்கல். அந்த மார்ச்சிலிருந்து ஓராண்டுக்கு இந்தியாவில் டாலருக்கு இரண்டு விலை. ஏற்றுமதிக்காரர் கொண்டுவரும் டாலரில் 40 சதவீதத்தை அரசு விலைக்கும் 60 சதவீதத்தைச் சந்தை விலைக்கும் மாற்றிக்கொண்டார்கள். உலக வங்கியின் 25.92 அரசு விலையை ஒட்டிய எண். சந்தையில் அப்போது சுமார் 30. 1993 மார்ச்சில்தான் இரண்டும் ஒன்றாயின. 1992-ஐ எந்தப் பட்டியலில் பார்த்தாலும் அடிக்குறிப்பைப் படிக்காமல் எண்ணை எடுக்காதீர்கள்.

நாள்வாரியாகப் பழசு வேண்டுமென்றால் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கி நடத்தும் ஃப்ரெட் தளத்துக்கு ஈடு இல்லை. 1973 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு வேலை நாளுக்கும் ரூபாய்–டாலர் விலை, இலவசமாக, எக்செல் கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம். குறை இரண்டு. அது நியூயார்க் நண்பகல் விலை, நம் ஊரில் அப்போது இரவு 9.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 10.30. மும்பை சந்தையோடு நாளுக்கு நாள் ஒப்பிட்டால் பைசாக்கள் இடிக்கும். அடுத்து, வாரத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிப்பார்கள், நேற்றைய விலை இன்று கிடைக்காது. ஐம்பதாண்டுக் கோட்டை வரைகிறவருக்கு இரண்டும் பொருட்டே இல்லை.

பழைய நாளிதழ், வங்கிக் கோப்பு ஆகியவற்றிலிருந்து எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1993 ஆகஸ்ட் வரை நம் வங்கிகள் விலையைத் தலைகீழாகச் சொல்லின: நூறு ரூபாய்க்கு இத்தனை டாலர் என்று. 4.00 என்று பார்த்தால் டாலர் நாலு ரூபாய்க்கு விற்றதாக நினைத்துவிடாதீர்கள், அது 25 ரூபாய். யெனுக்கு இன்றும் நூறு யெனுக்குத்தான் விலை சொல்கிறார்கள்.

நேற்று, போன மாதம், போன வருடம்

இங்கே போட்டி ரிசர்வ் வங்கி வழிவந்த குறிப்பு விலைக்கும் (ரெஃபரன்ஸ் ரேட்) கூகுளுக்கும். 2018 ஜூலை வரை ரிசர்வ் வங்கியே தினமும் குறிப்பு விலை வெளியிட்டது. பிறகு அந்த வேலை எஃப்.பி.ஐ.எல். என்ற நிறுவனத்துக்குப் போனது. காலை 11.30-க்கும் 12.30-க்கும் இடையில் உண்மையில் நடந்த வர்த்தகத்தை வைத்துக் கணக்கிட்டு மதியம் வெளியிடுகிறார்கள். நிறுவனங்களின் ஒப்பந்தம், கணக்குப் புத்தகம் எல்லாவற்றிலும் செல்லுபடியாகும் எண் இதுதான். ஆனால் இது நாளின் ஒரு பொழுதை மட்டும் சொல்கிறது. 2013 ஆகஸ்ட் 28-இல் ரூபாய் சரிந்தபோது குறிப்பு விலை 68.36. அன்று மாலைக்குள் சந்தை 68.80-ஐத் தொட்டுவிட்டது. சரிவின் ஆழத்தைப் பற்றி எழுதுகிறவர் குறிப்பு விலையை மட்டும் பார்த்தால் அன்றைய பதற்றத்தில் பாதியைத் தவறவிடுவார்.

கூகுள், எக்ஸ்ஈ போன்றவை காட்டுவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருக்கும் விலை. அந்த ரேட்டில் உங்களுக்கு யாரும் டாலர் தரமாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள். போக்கு தெரிந்துகொள்ள நல்லது. நாளைக்கு யாரிடமாவது காட்ட வேண்டிய எண் என்றால் வேண்டாம். 2024 மார்ச் 15-இல் கூகுள் ஒரு டாலருக்கு 4.98 ரிங்கிட் என்று காட்ட, சந்தையில் அது 4.70-ஐ ஒட்டியே இருந்தது. மலேசிய மத்திய வங்கி மறுப்பு அறிக்கை விட வேண்டியதாயிற்று. அன்று அதைப் பார்த்து ஊருக்குப் பணம் அனுப்பக் கிளம்பியவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

வரி கட்டுகிறவருக்கு ஒரே வழி

அமெரிக்க நிறுவனப் பங்குகளை வைத்திருப்பவர்கள், வெளிநாட்டில் சம்பளம் வாங்கி இங்கே கணக்குக் காட்டுகிறவர்கள் ஆகியோருக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. வருமான வரி விதிகள் கேட்பது ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியாவின் டி.டி. பையிங் ரேட். டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர், அதாவது தந்தி வழிப் பரிமாற்றம் என்பதன் சுருக்கம் அது. தமிழில் எழுதும்போது டிமாண்ட் டிராஃப்ட்டும் டி.டி. ஆகிவிடுவதால் வங்கிக் கவுன்ட்டரில் குழப்பம் இலவசம். வங்கி உங்களிடமிருந்து டாலரை வாங்கும் விலை என்பதால் கூகுள் காட்டுவதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். லாபத்தைக் கணக்கிடும்போது அது உங்களுக்குச் சாதகம்தான்.

எந்த நாளின் ரேட் என்பதுதான் இதில் வழுக்கும் இடம். பங்கை ஆகஸ்ட் 12-இல் விற்றால் 12-ஆம் தேதி விலை வராது, ஜூலை 31-இன் விலை. சம்பளத்துக்கும் அப்படியே, முந்தைய மாதத்தின் கடைசி நாள். அந்த நாள் ஞாயிறாக இருந்தால் அதற்கு முந்தைய வேலை நாளை எடுப்பது ஆடிட்டர்கள் வழக்கம்.

சிக்கல் என்னவென்றால், வங்கித் தளத்தில் இருப்பது அன்றன்றைய பட்டியல். புதுசு வந்ததும் பழசு போய்விடும். ஆர்வமுள்ள நிரலாளர்கள் அதைத் தினமும் தானாகச் சேமித்துப் பொதுவில் வைத்திருப்பதால் வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் ஜூலை மாதங்களில் பலர் பிழைக்கிறார்கள். அரசு விதி ஒன்று கேட்கும் ஆவணத்தைத் தனியாட்கள் சேமித்துக் காப்பாற்றுவது விசித்திரம்தான்.

இறக்குமதி செய்பவர்களுக்குத் தனிக்கணக்கு. சுங்கத்துறை மாதம் இருமுறை தன் விலையை அறிவிக்கும், இறக்குமதிக்கு ஒன்று, ஏற்றுமதிக்கு ஒன்று. பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவத்தைத் தாக்கல் செய்யும் நாளில் எது அமலில் இருக்கிறதோ அதுதான். பழைய அறிவிப்புகள் எல்லாம் அரசுத் தளத்தில் கிடைக்கும், தேடுவதில் சிரமமே இல்லை.

நான் செய்வது இவ்வளவுதான்: கட்டுரைக்குக் கையேடு, வரைபடத்துக்கு ஃப்ரெட், வரிக்கு ஸ்டேட் பாங்க் பட்டியல். எக்செல்லில் ரேட்டுக்குப் பக்கத்திலேயே "எங்கிருந்து" என்று ஒரு பத்தி. மாதக் கடைசி வேலை நாளில் மொபைல் அடிக்கும், பட்டியலின் பி.டி.எஃப்.-ஐ இறக்கித் தேதியைப் பெயராகப் போட்டு வைத்துவிடுவேன். பன்னிரண்டு கோப்பு சேர்ந்தால் ஒரு வருடம் முடிந்தது, ஆடிட்டருக்கு ஒரே மின்னஞ்சல்.