ஜப்பான் காரில் நம் பாட்டு: வயரா, காற்றா?

சென்னையிலிருந்து ரங்கூனுக்கு வந்த மச்சான் எனக்கென்று ஒரு எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் கொண்டுவந்தான், கையடக்கப் பிளேயரில் இருக்கும் பாட்டைக் கார் ரேடியோவுக்குக் காற்றில் அனுப்பும் கருவி. பர்மா பஜாரில் வாங்கினானாம். இங்கிருந்து போனவர்கள் அங்கே போட்ட கடைத்தெரு. அங்கிருந்து இங்கே சரக்கு வருகிறது. "லைட்டர் ஓட்டையில் சொருகு, பிளேயர் வயரை இதில் மாட்டு, ரேடியோவில் 101.3 வை, அவ்வளவுதான் மச்சான்" என்றான்.

என் டொயோட்டா புரோபாக்ஸ் காரில் ரேடியோ பட்டனை அழுத்திக்கொண்டே போனான். 89.8, 89.9, 90.0. அடுத்த அழுத்தலில் 76.0.

"என்ன மச்சான் ரேடியோ இது?"

"ஜப்பான் ரேடியோ மச்சான்."

ஜப்பானில் எஃப்எம் வெகுகாலம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். பிறகு 95 வரை நீட்டினார்கள், ஆனால் இங்கே ஓடும் பழைய இறக்குமதி வண்டிகளில் பெரும்பாலும் 90-உடன் சரி. டிரான்ஸ்மிட்டரோ 87.5-இல் தொடங்கி 108 வரை போகும். இரண்டும் சந்திக்கும் இடம் வெறும் இரண்டரை மெகாஹெர்ட்ஸ். அதன் நடுவில் 89.0-இல் சிட்டி எஃப்எம் உட்கார்ந்திருக்கிறது. மிச்சமுள்ள சந்தில் 87.7 எனக்குக் கிடைத்தது. பெகு ரோட்டில் ஊரைத் தாண்டிவிட்டால் பரவாயில்லாமல் பாடும். ரங்கூனுக்குள் சிக்னலில் நின்றால் பக்கத்து டாக்ஸிக்காரனின் டிரான்ஸ்மிட்டரும் அதே சந்தில் நுழைந்து, நம் நாதஸ்வரத்துக்கு மேல் அவன் பர்மியப் பாட்டு கேட்கும். ஆன்டெனா வயரில் பேண்ட் எக்ஸ்பாண்டர் போடலாம் என்பார்கள். அது மேலேயுள்ள அலைவரிசைகளைக் கீழே இறக்கிக் காட்டும். வானொலி கேட்க நல்லதுதான். பிளேயரை இணைக்க அதற்காக டேஷ்போர்டைக் கழற்றுவதென்றால், கழற்றுகிற கையோடு வேறு நல்ல வழிக்கே போய்விடலாம்.

அந்த நல்ல வழி, என் கணக்கில், பிளேயரின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஸ்டீரியோவுக்கு நேராகப் போகும் 3.5 மில்லிமீட்டர் ஆக்ஸ் வயர். முதலில் உங்கள் ஸ்டீரியோவில் ஆக்ஸ் ஓட்டை இருக்கிறதா என்று தேடுங்கள். முகப்பில் இல்லையென்றால் கையுறைப் பெட்டிக்குள், கியருக்குப் பக்கத்தில் என்று கை விட்டுப் பாருங்கள். என் வண்டியில் இருப்பதே எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. காற்றில் ஏறி இறங்காமல் சத்தம் நேராகப் போவதால் இரைச்சல் இல்லை, அடிக்குரல் மொத்தமாக வரும். பிளேயரின் சத்தத்தை முக்கால்வாசிக்கு மேல் வைத்துவிட்டு, கூட்டுவதும் குறைப்பதும் ஸ்டீரியோவில் செய்யுங்கள். பிளேயரில் குறைத்து ஸ்டீரியோவில் ஏற்றினால் உஸ்ஸென்ற இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

ஆக்ஸுக்கு ஒரே ஒரு வியாதி உண்டு. பிளேயரை லைட்டர் ஓட்டையில் சார்ஜ் போட்டுக்கொண்டே பாட வைத்தால், கொசு மாதிரி ஒரு 'ஙொய்ய்' கிளம்பும். ஆக்சிலேட்டரை மிதித்தால் கொசுவின் குரலும் ஏறும், விட்டால் இறங்கும். ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்து நான் மெக்கானிக்கிடம் போனேன். அவர் சார்ஜர் வயரைப் பிடுங்கிவிட்டுச் சிரித்தார். சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆக்ஸ் வழியாக இன்னொரு எர்த் என்று இரண்டு பாதை ஆகிவிடுகிறது. வண்டிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் சத்தம் அதில் புகுந்துகொள்கிறது. வீட்டிலேயே சார்ஜ் போட்டு எடுத்து வருவது ஒரு வழி. இல்லையென்றால் ஆக்ஸ் வயரின் நடுவில் மாட்டும் ஐசோலேட்டர் என்ற சின்ன டப்பா இருக்கிறது.

புளூடூத் ரிசீவர் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அதன் வால் போய்ச் சேர்வதும் அதே ஆக்ஸ் ஓட்டையில்தான். ஓட்டை இல்லாத வண்டிக்கு அது தீர்வாகாது. போனில் பாட்டு வைத்திருப்பவருக்கு வசதி. புளூடூத் இல்லாத பழைய பிளேயருக்கு அனுப்பும் கருவி ஒன்று, வாங்கும் கருவி ஒன்று, இரண்டுக்கும் சார்ஜ். இது வேண்டாத வேலை.

யூஎஸ்பி ஓட்டை இருந்தாலும் பிளேயரை நேராகச் சொருகினால் பாடும் என்று நம்ப வேண்டாம். பென் டிரைவ் போலத் தன்னைக் காட்டிக்கொள்ளும் பிளேயரைத்தான் பல ஸ்டீரியோக்கள் படிக்கும், அதிலும் அது ஃபேட்32 என்ற ஃபார்மேட்டில் இருந்தால். தமிழில் பெயரிட்ட பாட்டெல்லாம் திரையில் கட்டம் கட்டமாக வரும். கட்டத்தைப் பார்த்துப் பாட்டுத் தேடும் வேலை நம் ஊரில் ஆகாது. சாலையில் வலப்பக்கம் ஓட்டுகிறோம், ஸ்டீயரிங்கும் வலப்பக்கம். முந்தும்போது எதிரே வண்டி வருகிறதா என்று சொல்ல வேண்டியவர் இடப்பக்கம் இருப்பவர். அவரையும் பாட்டுத் தேட விட்டால் அப்புறம் யார் பார்ப்பது?

மாமாவின் 96 மாடல் கரோலாவில் கேசட் பெட்டி இன்னும் உயிரோடு இருக்கிறது. அதற்கு வால் முளைத்த கேசட் அடாப்டரே போதும். சன்னமாக இரைச்சல் இருக்கும். சில ஆட்டோ ரிவர்ஸ் பெட்டிகள் பக்கம் மாற்றி மாற்றித் தடுமாறும். ஆனாலும் டிரான்ஸ்மிட்டரை விட நிதானமாகப் பாடுகிறது. மாமா, "நான் முப்பது வருஷமாக மாற்றாததை நீ என்னடா மாற்றுவது" என்கிறார். சரி, மாற்றவில்லை.

எந்த ஓட்டையும் இல்லாதவர் ஸ்டீரியோவையே மாற்றலாம். டொயோட்டாவின் முகப்பு 200 மில்லிமீட்டர் அகலம், வெளியில் விற்பது பெரும்பாலும் 180. இரு பக்கமும் அடைக்கும் பட்டையையும், வயரை வெட்டாமல் மாட்டும் சாக்கெட்டையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். ஜப்பானில் மேப்போடு வந்த ஸ்டீரியோ என்றால் இன்னும் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டிய மறுநிமிஷம், பக்கத்து வீட்டுத் தம்பியின் வண்டியில் அது மேப் கார்டு கேட்டு ஜப்பானிய எழுத்தோடு நின்றது. நின்றது நின்றதுதான்.

மச்சானின் டிரான்ஸ்மிட்டரில் யூஎஸ்பி ஓட்டை ஒன்று இருப்பதால் அதைத் தூக்கிப்போடவில்லை. என் போனுக்கு அதில்தான் சார்ஜ். யாருக்கும் கேட்காத 87.7 அதன் முகத்தில் நீலமாக எரிந்துகொண்டிருக்கிறது.