கொக்கோபோலோ: ஏழு வருடம், நான்கு கிட்டார்

கொக்கோபோலோ என்ற மரத்தில் நான் செய்த முதல் கிட்டாரின் பின்பலகை முதல் பனிக்காலத்திலேயே நடு ஒட்டில் விரிந்துவிட்டது. ஒரு சாண் நீளத்துக்கு மயிரிழை போல் ஒரு பிளவு. டொரொண்டோவில் ஹீட்டர் ஓடும் வீடுகளுக்குள் காற்று வறண்டுபோகும், மரம் சுருங்கும். ஆனால் அதே வருடம் ஈட்டி மரத்தில் (இந்திய ரோஸ்வுட்) செய்த கிட்டாருக்கு எதுவும் ஆகவில்லை. கொக்கோபோலோவையும் ஈட்டி மாதிரியே நடத்தியதுதான் தவறு என்று புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

இரண்டும் டால்பெர்ஜியா என்ற ஒரே மரப் பேரினம்தான். அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான மார்ட்டின் 1969இல் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டிக்கு மாறியது. இன்று கிட்டார் செய்யும் பலருக்கும் கை பழகிய மரம் அதுதான், எனக்கும் அப்படியே. கொக்கோபோலோ மத்திய அமெரிக்காவின் மரம். ஈட்டி கன மீட்டருக்கு ஏறக்குறைய 830 கிலோ என்றால் இது 1,100ஐத் தொடும். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். உள்ளே அவ்வளவு எண்ணெய்.

அந்த எண்ணெய்தான் ஒட்டைக் கெடுத்தது. இரண்டு பலகைகளின் விளிம்பையும் மாலையில் இழைத்து வைத்துவிட்டு மறுநாள் காலை பசை போட்டிருந்தேன். ஈட்டியில் இப்படிப் பல முறை செய்து தப்பித்திருக்கிறேன். கொக்கோபோலோவில் அந்த ஒரு இரவுக்குள் எண்ணெய் மேலே கசிந்து வந்துவிடுகிறது. பசை மரத்தைப் பிடிக்காமல் எண்ணெய்ப் படலத்தைப் பிடிக்கிறது. அசிட்டோனால் துடைத்தால் போதும் என்பார்கள். நான் அதை நம்புவதில்லை, துடைக்கத் துடைக்க உள்ளிருந்து இன்னும் வருவது போலத்தான் எனக்குப் படுகிறது. இப்போது கூர் தீட்டிய இழைப்புளியால் கடைசியாக இரண்டு இழுப்பு இழுத்து, பத்து நிமிடத்துக்குள் சாதாரண மஞ்சள் மரப்பசை போட்டு கிளாம்ப் மாட்டிவிடுகிறேன். அடுத்த மூன்று கிட்டார்களிலும் ஒட்டு அசையவில்லை.

பக்கப் பலகையை வளைப்பதில் எனக்குப் பெரிய சிரமம் இருந்ததில்லை. 2 மில்லிமீட்டருக்கு இழைத்து, தண்ணீரைக் குறைவாகத் தெளித்து, சூட்டுக்குழாயில் நிதானமாக அழுத்தினால் வளைந்து கொடுக்கும். ரேகை சுழித்து ஓடும் பலகையை மட்டும் இடுப்பு வளைவில் அவசரப்படுத்தக் கூடாது.

தூள்தான் பெரிய தொல்லை. உப்புத்தாள் இரண்டு நிமிடத்தில் பிசின் ஏறி அடைத்துக்கொள்ளும், அதனால் முடிந்தவரை ஸ்கிரேப்பரையே (சுரண்டும் தகடு) பயன்படுத்துகிறேன். அந்த ஆரஞ்சுத் தூள் பக்கத்தில் இருக்கும் வெளிர் நிற ஸ்ப்ரூஸ் (ஊசியிலை மரம்) மேற்பலகையின் நுண்துளைகளுக்குள் புகுந்தால் வெளியே வராது. துணியால் துடைத்தால் இன்னும் உள்ளே தேய்த்துவிடுவோம், வேக்குவத்தால் மட்டுமே இழுக்க வேண்டும். இப்போதெல்லாம் உடலை ஒட்டுவதற்கு முன்பே மேற்பலகைக்கு மெல்லிய ஷெல்லாக் (அரக்கு மெருகு) ஒரு பூச்சு கொடுத்துவிடுகிறேன். பாலிஷ் போடும்போதும் இதே கதை: ஸ்பிரிட் பட்டதும் சிவப்புச் சாயம் இறங்கி மேப்பிள் பைண்டிங்கை (உடலின் விளிம்பில் ஓடும் மரப்பட்டை) ரோஸ் நிறமாக்கிவிடும். பஞ்சுத் துணியைக் கொக்கோபோலோ பக்கத்திலிருந்து பைண்டிங்குக்கு இழுக்கவே கூடாது. எண்ணெய் வார்னிஷை நேரடியாகப் பூசினால் வாரக்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும். அடியில் ஷெல்லாக் இருந்தால்தான் காயும்.

மூன்றாவது கிட்டார் செய்தபோது முன்கையிலும் கண் இமையிலும் தடித்துச் சிவந்தது. முதல் இரண்டு முறை ஒன்றும் ஆகாததால் எனக்கு ஒத்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. இந்த மரத்தின் ஒவ்வாமை பழகப் பழகக் கூடும், குறையாது. இப்போது வடிகட்டி வைத்த முகமூடி, முழுக்கைச் சட்டை, வேலை முடிந்ததும் உடனே குளியல். பட்டறைக்குள் குழந்தைகளை விடுவதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் செய்கிறேன்? இழைத்த பலகையை ஒரு முனையில் இரு விரலால் தூக்கிப் பிடித்து, விரல் மூட்டால் தட்டிப் பாருங்கள். வெண்கலக் கிண்ணத்தைத் தட்டியது போல் நின்று ஒலிக்கும். செய்து முடித்த கிட்டாரில் கீழ்ச்சுரங்கள் அடங்க நேரமெடுக்கும், மேல்சுரங்கள் தெளிவாகப் பிரிந்து கேட்கும். எடை மட்டும் ஈட்டிக் கிட்டாரைவிட 150 கிராமாவது கூடும். நின்றுகொண்டு நெடுநேரம் வாசிப்பவர்களிடம் இதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

மரம் வாங்குவதென்றால் காகிதம் பார்த்து வாங்குங்கள். கொக்கோபோலோ 2013இலேயே, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்துவிட்டது. 2019 இறுதியில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு வந்தது, ஆனால் பலகையாக எல்லை தாண்ட இன்றும் அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டில்லாத மரத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் தொடுவதில்லை. காட்டில் இந்த மரம் குறைந்துகொண்டே வருகிறது.

விரிந்த முதல் கிட்டாரைத் திறந்து, ஒட்டைப் பிரித்து இழைத்து, உள்ளே ஸ்ப்ரூஸ் பட்டை வைத்து மறுபடி ஒட்டினேன். ஐந்து பனிக்காலம் தாண்டிவிட்டது. செய்தபோது ஆரஞ்சாக இருந்த பின்பலகை இப்போது கருஞ்சிவப்பாகியிருக்கிறது. ஒலித்துளைக்குள் மூக்கை வைத்தால் அந்த இனிப்பான மசாலா வாசனை இன்னும் வருகிறது.