திரையை அணைத்து மெமரிப் போக்குவரத்தை அளத்தல்: மூன்றாண்டு அனுபவம்

யாங்கோனில் மின்சாரம் முறைவைத்து வருவதால், அனோரத்தா சாலைக் காளி கோவிலுக்கு அருகிலுள்ள எங்கள் தட்டச்சுக் கடை பல நேரம் பேட்டரியை நம்பியே இயங்குகிறது. லேப்டாப் திரையை அணைத்தால் கிராபிக்ஸ் பகுதி ரேமைத் தொடுவது எவ்வளவு குறைகிறது என்று அறியவே, சிப்பிலுள்ள எண்ணிகளைப் படித்துக் காட்டும் லினக்ஸின் பெர்ஃப் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கினேன்; மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன.

இன்டெல் கோர் சிப்பில் கிராபிக்ஸும் பிராசசரும் ஒரே ரேமைப் பகிர்கின்றன. ரேமுக்குப் போய்வரும் தரவை நிர்வகிக்கும் மெமரி கன்ட்ரோலரிலுள்ள எண்ணிகள் 64 பைட்டுக்கு ஒன்றாகக் கூடிக்கொண்டே போகும். 1920×1080 திரையின் ஒரு முழுப்படம், புள்ளிக்கு 4 பைட் வீதம், 82,94,400 பைட். திரையைப் புதுப்பிக்க அதை ரேமிலிருந்து நொடிக்கு 60 முறை படித்தால் ஏறத்தாழ 498 மெகாபைட். திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் நின்றாலும் இந்தப் படிப்பு நிற்காது.

முதல் மாத அளவுகள் அத்தனையையும் நான் தூக்கிப்போட நேர்ந்தது. வெளிச்சத்தை அடியோடு குறைத்துவிட்டு அளந்திருந்தேன். "இருட்டாத்தானேண்ணே இருக்கு, அணைஞ்சிருச்சுல்ல?" என்றான் தம்பி. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் பின்விளக்கு மட்டுமே அணைந்திருந்தது, படிப்பு நடந்துகொண்டிருந்தது. அதன் பிறகு, விசையைத் தொட்டால் திரை விழித்துவிடும் என்பதால், கைப்பேசியிலிருந்து எஸ்எஸ்ஹெச் என்னும் தொலை இணைப்பு வழியாக லேப்டாப்பில் நுழைந்து, திரையின் மின்சக்தியைக் கட்டுப்படுத்தும் டிபிஎம்எஸ் கட்டளையால் திரையை அணைத்து அளக்கிறேன். திரைக்குப் போகும் படத்தைச் சுருக்கி வைக்கும் எஃப்பிசி வசதியையும், அசையாத படத்தைத் திரையே தன்னிடம் வைத்துக்கொள்ளும் பிஎஸ்ஆர் வசதியையும் முடக்கிய பின்னரே, அணைப்பதற்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம் மேற்சொன்ன கணக்கோடு ஒட்டி வந்தது.

எண்ணிகள் 32 பிட் கொண்டவை. அந்த 498 மெகாபைட் வேகத்திலேயே ஒன்பது நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பும். பெர்ஃப் அதைத் தானே கவனித்துக்கொள்கிறது. எண்ணியின் மதிப்பு இருக்கும் ரெஜிஸ்டரை நேரடியாகப் படிப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பயன்பட்டது கிராபிக்ஸ் கோரிக்கைகளைத் தனியே காட்டும் ஜிடி எண்ணி. திரை அணைந்த பின்னும் அது நிற்காமல் ஏறியதைப் பார்த்துத் தேடியபோது, கடையில் முருகன் பாடல்களை வீடியோவாக ஓட விட்டிருந்தது தெரியவந்தது. பார்க்க ஆளில்லாத படங்களை கிராபிக்ஸ் பகுதி ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டிருந்தது. அதே பாடல்களை ஒலிக்கோப்புகளாக மாற்றி வைத்தேன். மறுமுறை அளந்தபோது ஜிடி எண்ணி ஏறக்குறைய அசையாமல் நின்றது.