மாஞ்சோலை மலையில் ஆளை மயக்கும் பறவைகள்: எது எது?

திருநெல்வேலி மாவட்டத்து மணிமுத்தாறு அடிவாரத்தில் உலர்ந்த காடு. மாஞ்சோலையைத் தாண்டிக் காக்காச்சி போனால் 1,200 மீட்டருக்கு மேல் மழைக்காடு. ஒரு பறவையை எந்த உயரத்தில், எந்த மாதத்தில் பார்த்தோம் என்று குறித்துக்கொண்டாலே, ஒன்றுபோல் இருக்கும் பறவைகளைப் பிரித்தறிவதில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

அதிகம் ஏமாற்றுவது நீலகிரி ஈப்பிடிப்பானும் நீலமேனி ஈப்பிடிப்பானும்தான். நீலமேனி ஆண், மயில்துத்தம் கரைத்த தண்ணீர் நிறம். தொண்டை முதல் வயிறு வரை ஒரே சீராக இருக்கும். கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே கறுப்பு பளிச்சென்று தெரியும். நீலகிரி ஆண் அடர்ந்த அவுரி நீலம். வயிற்றுப் பக்கம் சாம்பலாக வெளுத்துவிடும். வாலை விரிக்கும்போது அடியில் இருபுறமும் சிறு வெள்ளைத் திட்டு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

வம்பு செய்வது நீலமேனியின் பெண். அதற்கு நிறமும் மங்கல், முகக் கறுப்பும் மங்கல். நிழலில் உட்கார்ந்தால் நீலகிரி என்றே எழுதத் தோன்றும். அப்போது உட்காரும் இடத்தைப் பாருங்கள்: நீலமேனி உச்சாணிக் கொம்பு, காய்ந்த குச்சி என்று வெட்டவெளியை நாடும், நீலகிரி பெரும்பாலும் மரத்தின் நடுப்பகுதியிலும் கீழேயும் இருக்கும். நீலமேனி இங்கே பனிக்கால விருந்தாளி, கோடையில் இமயமலைப் பக்கம் போய்விடும். ஜூன் மாதம் காக்காச்சியில் பார்த்தது நீலகிரிதான். வானத்தைப் பின்னணியாக வைத்து எடுத்த படத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம்; கேமரா இருட்டாக்கி, மயில்துத்த நிறத்தையும் அவுரி ஆக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டி எடுத்தால் பரவாயில்லை.

குக்குறுவான்களில் காதை நம்பக் கூடாது. சின்னக் குக்குறுவானும் பழுப்புத்தலைக் குக்குறுவானும் ‘குட்ரு குட்ரு’ என்றே கத்தும். முகத்தைப் பார்த்தால் போதும். பழுப்புத்தலைக்குக் கண்ணைச் சுற்றி ஆரஞ்சு மஞ்சள் வெறுந்தோல், அலகு வரை நீளும். சின்னதற்குக் கண்ணுக்கு மேலும் கீழும் வெள்ளைப் பட்டை. அடிவாரத்து ஆலமரத்தில் பழுப்புத்தலை, மேலே ஈரக் காட்டில் சின்னது என்பது பொது வழக்கம். இடைப்பட்ட உயரத்தில் இரண்டும் வரலாம்.

துடுப்புவால் கரிச்சானை அடையாளம் காண என்ன கஷ்டம் என்பார்கள். இறகு உதிரும் காலத்தில் வால் நுனியில் துடுப்புபோல் தொங்கும் இறகு இரண்டும் விழுந்துவிடுமே! அப்போது நெற்றிக் குடுமியைத் தேடுங்கள். வயல்வெளிக் கரிச்சானுக்குக் குடுமி கிடையாது. வால் பிளவும் ஆழமாக இருக்கும். இளம் துடுப்புவாலுக்குக் குடுமி சிறிதாக இருக்கும் என்பதால், அடர்காட்டில் பார்த்தோமா என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, துடுப்புவால் கரிச்சான் பிற பறவைகளின் குரலை அப்படியே எடுத்துவிடும். வல்லூறு, பாம்புக் கழுகு என்று கேட்ட குரலை மட்டும் வைத்துப் பட்டியலில் ஏற்றாமல் இரண்டு நிமிடம் நில்லுங்கள். பாம்புக் கழுகின் குரல் பெரும்பாலும் அது வட்டமிடும்போது வானத்திலிருந்து வரும். மரத்துக்குள்ளிருந்தே வந்து, அடுத்த மூச்சில் வேறு குரலுக்குத் தாவினால் அது கரிச்சான்.