950 ரூபாய் ‘ஒரிஜினல் லெதர்’: மதுரையில் கைக்கடிகார வார் மாற்றப் போகிறவர்கள் கவனத்திற்கு

மதுரையில் மாசி வீதிகளுக்குள் இருக்கும் ஒரு கைக்கடிகாரக் கடையில், “ஒரிஜினல் லெதர்” என்று சொல்லி 950 ரூபாய்க்கு எனக்கு விற்கப்பட்ட வார் சில வாரங்களிலேயே மேல்தோல் உரிந்து, அதைக் கடிகாரத்தோடு பிணைக்கும் ‘பின்’ என்ற சிறு குழாயும் நழுவியதால், என் தந்தையார் முன்பு அணிந்திருந்த எச்.எம்.டி. ஜனதா கடிகாரம் பெரியார் பேருந்து நிலையத்தின் தரையில் விழுந்தது. கண்ணாடி விரிசல் கண்டது. சாவி கொடுக்கும் குமிழ் தரையில் மோதியதில் அதன் தண்டு வளைந்துவிட்டது. எச்.எம்.டி. நிறுவனம் 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூருவில் தொடங்கிய கடிகாரத் தயாரிப்பு 2016-இல் முடிவுக்கு வந்துவிட்டபடியால், இத்தகைய கடிகாரங்களுக்கு உதிரிப் பாகம் வேண்டுமென்றால் பெரும்பாலும் ஓடாத வேறொரு கடிகாரத்திலிருந்து கழற்றித்தான் போட வேண்டியிருக்கிறது. வாரின் விலையைக் காட்டிலும் பழுதுபார்ப்புக்குக் கூடுதலாகச் செலவானது.

விற்றவர் அப்போது சொன்ன சொற்களை அப்படியே எழுதுகிறேன்: “சார், இது கன்னுக்குட்டித் தோலு. மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது, வேர்வையும் ஏறாது.” தோலைப் பற்றிச் சற்றே அறிந்தவருக்கு இந்த வாக்கியம் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். பதனிட்ட தோல் நீரையும் வியர்வையையும் உறிஞ்சும். அடிக்கடி நனைந்து காய்ந்தால் விறைக்கும், கருக்கும், வெடிக்கும். எதுவுமே ஏறாத வார் என்றால், மேலே பூசியிருப்பது பிளாஸ்டிக் படலம் என்றுதான் பொருள்.

விழுந்த கடிகாரத்தைச் சிம்மக்கல் பக்கம் நெடுங்காலமாகப் பழுதுபார்த்து வரும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் கடிகாரத்தைத் திறக்கவில்லை. கண்ணில் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு வாரின் முனையைத்தான் பார்த்தார். “தம்பி, இது இருபது எம்.எம். வாரு. உங்க வாட்ச்சுக்குப் பதினெட்டுதான். ரெண்டு ஓரத்தையும் பிளேடால சீவி உள்ளே திணிச்சிருக்காங்க” என்றார். கடைக்காரர் கடிகாரத்தை உள்ளே எடுத்துப்போய் மாட்டிக்கொண்டு வந்து தந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. சீவிய இடத்தில் தையல் பிரிந்திருந்தது. மேலே மின்னிய பழுப்புப் படலம் நகத்தால் தொட்டதும் தாளாக உரிந்து வந்தது. அதன் கீழே இருந்த சாம்பல் நிறப் பொருளில் நார் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை, நனைந்து காய்ந்த அட்டையைப் போல விரலிடையே பொடிந்தது. அடிப்பக்கத்தில் மட்டும் மெல்லிய தோல் ஒன்று ஒட்டப்பட்டு, அதன்மேல் ‘ஜெனுவின் லெதர்’ என்ற முத்திரை குத்தப்பட்டிருந்தது.

அந்த முத்திரையை நம்பி வாங்குகிறவர்கள் ஏராளம் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முத்திரை அடித்தோலில் இருந்தால், அது அந்த அடித்தோலுக்கு மட்டும் உண்மையாக இருக்கக்கூடும். மேலே தெரியும் பகுதியைப் பற்றி அது எந்த உறுதியும் தருவதில்லை. மேற்பகுதியும் தோலாகவே இருந்தாலும், எந்தத் தரத்துத் தோல் என்பதை அது சொல்லாது. விலங்குத் தோலின் மேற்புறத்தில் நார்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கும். தேய்மானத்தைத் தாங்குவது அதுதான். அந்த மேற்புறத்தைத் தேய்க்காமல் அப்படியே வைத்துச் செய்யும் வார் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அடுக்கடுக்காகப் பிளக்கும்போது கீழே கிடைக்கும் தளர்ந்த அடுக்கின்மேல் பாலியூரித்தேன் பூசி, அச்சு வைத்து அழுத்தி, மேல்தோல் போலத் தோற்றம் கொடுப்பது அடுத்த தரம். தோல் கழிவுகளையும் தூளையும் அரைத்துப் பசையோடு சேர்த்துத் தகடாக்குவது கடைசித் தரம்; எனக்கு விற்கப்பட்டது இந்தக் கடைசி வகைதான். மூன்றும் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தால் மேற்பார்வைக்கு வேற்றுமை தெரியாது. முதலைத் தோல் என்று காட்டுகிறார்களே, அந்த விலைக்குக் கிடைப்பது மாட்டுத் தோலிலோ பிளாஸ்டிக்கிலோ அச்சிட்ட கட்டங்கள்தாம். ஒரே கட்டம் ஒரே அளவில் திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சு.

ஆகவே வாரின் முகத்தைப் பார்ப்பதில் பயன் குறைவு. பக்கவாட்டு ஓரத்தையும், பக்கிளின் முள் நுழையும் துளைகளின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். ஓரத்தைச் சாயம் பூசியோ மடித்துத் தைத்தோ மறைத்திருப்பார்கள். துளையின் உட்புறத்தை அவ்வாறு மறைப்பது கடினம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், நல்ல தோலில் மெல்லிய நார்கள் தெரியும். அரைத்துச் செய்ததில் வெட்டிய அட்டையின் விளிம்பு தெரியும். பிறகு வாரை மெதுவாக மடக்கிப் பாருங்கள். தோல் ஒழுங்கற்ற நுண் சுருக்கங்களாக மடங்கி, இழுபடும் இடத்தில் நிறம் சற்று வெளிறும். பூச்சு மட்டும் உள்ளது ஒரே நீளக் கோடாக மடங்கும். ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். நல்ல தோலிலும் மெழுகுப் பூச்சு இருந்தால் நீர் முத்தாக நிற்கும் என்பதால் அந்தச் சோதனையை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. நெருப்பு வைத்துப் பார்க்கும் சோதனையை எந்தக் கடைக்காரரும் அனுமதிக்கப் போவதில்லை. தோலின் வாசனையோ தெளிப்பானிலும் கிடைக்கிறது.

இதில் எனக்கு ஆற்றாமை என்னவென்றால், தோல் பதனிடுவதில் பெயர் பெற்ற திண்டுக்கல் நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆவாரம் பட்டை போன்ற தாவரப் பொருள்களால் பதனிட்டுவந்த தென்னாட்டுத் தோல் ‘ஈஸ்ட் இந்தியா லெதர்’ என்ற பெயரில் கப்பலேறி, இன்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. அப்படிப்பட்ட வட்டாரத்தில் உட்கார்ந்துகொண்டு அரைத்த தூளை 950 ரூபாய்க்குக் கன்றுத் தோல் என்று விற்கிறார்கள்.

வார் உரிந்ததோடு போயிருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். கடிகாரத்தைக் கீழே தள்ளியது பின். வாரின் முனைக்குள் நுழைந்து, கடிகாரத்தின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் இரு கொம்புகளுக்கும் இடையே வாரைத் தாங்கும் சிறு குழாய்தான் அது. உள்ளே சுருள் இருப்பதால் இரு நுனிகளும் அழுத்தினால் உள்ளே போய், விட்டால் வெளியே வந்து, கொம்பிலுள்ள துளையில் உட்காரும். கொம்புகளுக்கு இடையே 18 மில்லிமீட்டர் என்றால் பின்னும் 18 மில்லிமீட்டருக்கானதாகவே இருக்க வேண்டும். அதைவிடக் குட்டையான பின்னைப் போட்டால் நுனி துளையின் விளிம்பை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். மெலிந்த பின்னைப் போட்டால் உள்ளே ஆடி ஆடித் துளையையே தேய்த்துவிடும். என் கடிகாரத்தோடு நல்ல நிலையில் இருந்த பழைய பின்கள் இரண்டையும் கடையில் எடுத்து வைத்துக்கொண்டு, வாரோடு வந்த மலிவுப் பின்களைப் போட்டிருந்தார்கள். அகலமான வாரை நெருக்கித் திணித்ததால் அந்தச் சுருள் முழுதாக விரியவே இடமிருக்கவில்லை. பேருந்துக் கம்பியைப் பிடிக்கக் கையை உயர்த்தியபோது சட்டைக் கையில் உரசிய அளவே போதுமானதாகிவிட்டது. கொம்பின் உட்புறத்தில் திருப்புளி வழுக்கிய கீறல் வேறு இருக்கிறது; கவட்டை நுனி கொண்ட பின் கழற்றும் கருவி உள்ள கடையில் அந்தக் கீறல் விழுந்திருக்காது.

எனவே வார் மாற்றும்போது எதிரிலேயே மாற்றித் தரச் சொல்லுங்கள். பழைய பின்களைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு கடிகாரத்தை ஒரு கையிலும் வாரை மறு கையிலும் பிடித்து மிதமாக இழுத்தும் பக்கவாட்டில் அசைத்தும் பார்க்க வேண்டும். நன்றாக உட்கார்ந்த பின்னிலிருந்து சின்னச் சொடுக்கு ஓசை மாட்டும்போதே கேட்கும்.

அளவை நீங்களே எடுத்துச் செல்வது நல்லது. கொம்புகளின் உட்புற இடைவெளியை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். ஆண்கள் கடிகாரங்களில் 18, 20, 22 ஆகியவை பரவலாக உள்ளவை. 19, 21 போன்ற ஒற்றைப்படை அளவுகளும் உண்டு, அவற்றுக்குத்தான் பிளேடு வேலை அதிகம் நடக்கிறது. வாரின் நீளமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பக்கிள் பக்கம் 75, துளைப் பக்கம் 115 மில்லிமீட்டர் என்பது வழக்கமான அளவுகளில் ஒன்று. மணிக்கட்டு மெலிந்தவர்களுக்கு அதுவே நீளமாகித் துளை போடச் சொல்ல வேண்டிவரும்.

மதுரை வெயிலில் அன்றாடம் வியர்க்க வியர்க்க வேலை செய்பவர்களுக்குத் தோல் வாரே உகந்ததன்று என்பது என் கருத்து. நைலான் வார் துவைக்கத் தக்கது. கடிகாரத்தின் அடியில் ஒரே நீளமாக ஓடும் வகையில், ஒரு பின் கழன்றாலும் மறு பின்னில் கடிகாரம் தொங்கி நிற்கும்; பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் 1973-இல் தன் வீரர்களுக்கென வரையறுத்த அமைப்பு அது. சிலிக்கோன் வாரில் தூசி ஒட்டும், அவ்வளவுதான் குறை. இரும்புச் செயின் வாங்குவதானால் இணைப்புகள் தகட்டை மடித்தவையா, முழுக் கட்டியா என்று பக்கவாட்டில் பாருங்கள். மடித்த தகடு விரைவில் தளர்ந்து மயிரைப் பிடித்து இழுக்கும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் மலிவு முலாம் பூசிய பக்கிளையும் தவிர்க்க வேண்டும்.

கடைக்குத் திரும்பப் போனபோது கிடைத்த வரவேற்பையும் பதிவு செய்ய வேண்டும். “சின்னச் சாமானுக்கெல்லாம் பில் கிடையாது, வித்த பொருளை வாங்கவும் மாட்டோம்” என்பதே பதில். வாங்கிய அன்று நான் பில் கேட்டபோதும் இதையேதான் சொன்னார்கள். வார் வந்த பொட்டலத்தில் தயாரித்தவர் பெயரோ அதிகபட்ச விலையோ இல்லை. கடையின் விலைச்சீட்டு மட்டும் ஒட்டியிருந்தது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, விற்ற பொருளுக்கு ரசீது தர மறுப்பதும், குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாள்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிகச் செயல்கள். பணத்தைக் கைபேசி வழியாகச் செலுத்தியிருந்ததால், தேதியும் தொகையும் கடையின் பெயரும் அதில் இருந்தன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் அந்த விவரங்களோடும், உரிந்த வாரின் படங்களோடும் புகார் பதிவு செய்தேன்.

வாரின் விலையைக் கடை திருப்பித் தந்துவிட்டது. கடிகாரம் சேதமானதற்குத் தங்களுக்குத் தொடர்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் செலவுக்காக மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுக் கொடுக்க இருக்கிறேன். பொருளுக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தால் போதும். பழுதுபார்த்த பெரியவர், வாரின் அகலத்தையும் பின்னின் அளவையும் தம் ரசீதிலேயே குறித்துக் கொடுத்திருக்கிறார். இதே போன்ற வாரால் கடிகாரத்தை இழந்தவர்கள் யாரேனும் இருந்தால், அந்த வாரையும் பின்னையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்; பணம் செலுத்திய விவரத்தோடு ஓர் உறையில் போட்டு வையுங்கள்.