10எக்ஸ் மடக்கு லென்ஸ்: மலைல குட்டிப் பூ பாக்கப் போறவங்க கண்டிப்பா வாங்குங்க

உத்தரகாண்ட் வேலி ஆஃப் ஃப்ளவர்ஸ் போறவங்க எல்லாரும் எந்த கேமரா எடுத்துட்டுப் போலாம்னுதான் கேக்குறாங்க, நான் சொல்றது ஒரு நல்ல 10எக்ஸ், அதாவது பத்து மடங்கு பெருசா காட்டுற, லென்ஸ கழுத்துல மாட்டிட்டுப் போங்க. நகைக்கடைல கல்லு பாப்பாங்களே அதே ஐட்டம்தான், மூணு கண்ணாடி ஒட்டின ட்ரிப்லெட், ஸ்டீல் மூடி. நான் வாங்கினது ஆயிரம் ரூபாய்க்குள்ள.

ஏன் சொல்றேன்னா, அங்க பெரிய பூவுக்கெல்லாம் பிரச்சனையே இல்ல, நீல பாப்பிய பாத்தாலே தெரிஞ்சிடும். பாறை இடுக்குல தரையோட ஒட்டிக் கெடக்குற, சட்டை பட்டன விட சின்ன அஞ்சு இதழ் பூக்கள்தான் ஆள சுத்த விடும். போட்டோ எடுத்து பூ பேர் சொல்ற ஆப்ல போட்டா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பேர் வருது, ஏன்னா பேர முடிவு பண்ற விஷயம் எதுவும் போட்டோல விழறதே இல்ல.

லென்ஸ்ல பாத்தா எந்த வகைப் பூன்னு பிரிச்சிடலாம். ஆண்ட்ரோசேஸ்ங்கிற செடி வகைன்னா இதழ் தனித்தனியா இருக்காது, அடில ஒண்ணு சேந்து குட்டிக் குழலா இருக்கும், வாய்ல மஞ்சளா ஒரு வளையம், மகரந்தத்தாள் அஞ்சும் உள்ளயே ஒளிஞ்சிருக்கும். சில இனத்துல பூ பழசாக ஆக அந்த மஞ்சள் சிவப்பா மாறிடும், ஒரே கொத்துல ரெண்டு கலரும் பக்கத்துல பக்கத்துல நிக்கும், அத பத்து மடங்கு பெருசா பாக்குறப்போ வர்ற சந்தோஷம் இருக்கே, அடடா! பல இனத்துல கீழ இலைக்கொத்து முழுக்க பட்டு மாதிரி வெள்ளை முடி இருக்கும். இதழ் தனித்தனியா இருந்து, பத்து மகரந்தத்தாளும் நடுவுல ரெண்டு கொம்பு மாதிரி சூல்தண்டும் இருந்தா சாக்ஸிஃப்ரேஜ். இலை எதிரெதிரா, இதழ் நுனி ரெண்டா பிளந்திருந்தா செராஸ்டியமா இருக்க நல்ல வாய்ப்பு. மஞ்சப் பூவுன்னா திருப்பி அடில பாருங்க, பச்சை இதழ் ரெண்டு வரிசையா இருந்தா பொட்டென்டில்லாவா இருக்கலாம்.

இதுக்கெல்லாம் பூவ பறிக்கவே வேணாம், அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. வேலி ஆஃப் ஃப்ளவர்ஸ் ஒரு நேஷனல் பார்க், பறிக்கவும் கூடாது. அந்த உயரத்துல வருஷத்துல சில மாசம்தான் பனி இல்லாம இருக்கும், அதுக்குள்ள பூத்து விதை போட்டாகணும், நம்ம ஆசைக்கு ஒண்ண கிள்ளுறது நியாயமே இல்ல.

லென்ஸ பூகிட்ட வச்சு தூரத்துல இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது, கண்ணோட ஒட்டி வச்சுட்டு பூவுக்கு ரெண்டரை சென்டிமீட்டர் கிட்ட வர்ற வரைக்கும் குனியணும். அதனால பாதை ஓரத்துப் பாறைல இருக்குறத பாருங்க, புல்லுக்குள்ள எறங்கி மிதிக்காதீங்க.

குறைன்னு பாத்தா, ஜூலை ஆகஸ்ட் மழைல மூச்சு பட்டாலே கண்ணாடி ஆவி புடிச்சுக்குது, ஒரு காட்டன் துணி பாக்கெட்ல வச்சுக்கங்க. கூட வர்ற கயிறும் மெலிசு, மாத்திடுங்க. 30எக்ஸ் 60எக்ஸ்னு மலிவா விக்கிறத வாங்கிடாதீங்க, அவ்ளோ பவர்ல பூல ஒரு துளி எடம்தான் தெரியும், அதுவும் இருட்டா.