நாவலூரில் இரண்டு ஃபிளாட்: சதுர அடிக்கு 150 ரூபாய் எதற்குக் கொடுத்தேன்?

மூன்று வருஷத்துக்கு முன் சென்னையில் நாவலூர் பக்கம் வீடு தேடியபோது கடைசியில் இரண்டு ஃபிளாட் மிஞ்சின. ஒன்று ஐஜிபிசி (இந்தியப் பசுமைக் கட்டட கவுன்சில்) தரும் கோல்டு சான்று வாங்கிய கட்டடம். இன்னொன்றுக்குச் சான்று எதுவும் கிடையாது. இரண்டும் 1,000 சதுர அடி. சான்றுள்ளதில் சதுர அடிக்கு 150 ரூபாய் அதிகம், ஆக ஒன்றரை லட்சம். நான் அதை எடுத்தேன், நண்பன் மற்றதை எடுத்தான்.

வெளிச்சம், காற்றோட்டத்தில் பெரிய வித்தியாசமில்லை. மழைநீர் சேகரிப்பு 2003லிருந்தே தமிழ்நாட்டில் கட்டாயம். அதைக் காட்டி பில்டர் விலை ஏற்றினால் எழுந்து வந்துவிடலாம். கரண்ட் பில் அவரவர் ஏசி பழக்கத்தைப் பொறுத்தது.

என்னை முடிவெடுக்க வைத்தது டாய்லெட் ஷாஃப்டில் (குழாய்கள் மாடிக்கு மாடி இறங்கும் சந்து) இறங்கும் இரண்டாவது குழாய். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் (எல்லாரும் சொல்வதுபோல் எஸ்டிபி) இரண்டு வளாகத்திலும் உண்டு. எங்கள் கட்டடத்தில் சுத்திகரித்த நீர் தனிக் குழாயில் ஃபிளஷ் தொட்டிக்குத் திரும்பி வருகிறது. நண்பன் கட்டடத்தில் செடிக்குப் போக மிச்சத்தை வெளியே அனுப்புகிறார்கள். சுத்திகரிக்கவும் செலவு, பிறகு ஃபிளஷுக்கு லாரித் தண்ணீர் வாங்கவும் செலவு.

அரசு வரையறைப்படி நகரத்தில் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர், அதில் ஃபிளஷுக்கு மட்டும் 45. நாலு பேர் வீட்டில் மாதம் 5,400 லிட்டர். 12,000 லிட்டர் லாரிக்கு நாங்கள் கொடுப்பது 1,800 ரூபாய். மாதம் சுமார் 800 மிச்சம். ஒன்றரை லட்சம் திரும்ப 15 வருஷத்துக்கு மேல் ஆகும், வட்டியைச் சேர்க்காமலே. வெறும் கணக்காகப் பார்த்தால் நண்பன்தான் கெட்டிக்காரன். ஆனால் 2019இல் சென்னைக்குக் குடிநீர் தரும் நாலு ஏரியும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த கோடையை நான் வாடகை வீட்டில் கழித்தவன். காசு கொடுத்தும் லாரி வராத நாளில் ஃபிளஷாவது ஓடட்டும் என்றுதான் கொடுத்தேன்.

தொல்லையும் உண்டு. எஸ்டிபி ஆபரேட்டர் நாலு நாள் லீவு போட்டால் ஃபிளஷ் தண்ணீர் மஞ்சளாகி, நாற்றம் வரும். ஒருமுறை வீட்டில் எனக்கு நல்ல பாட்டு கிடைத்தது. நிலையத்தின் பெரிய பாகங்கள் இன்னும் மாற்ற வேண்டி வரவில்லை. அந்தச் செலவு வரும்போது என் கருத்தும் மாறலாம். மறுவிற்பனை பற்றியும் அனுபவம் இல்லை. கடன் வாங்கும்போது வங்கி மதிப்பீட்டாளர் சான்றுக்காக ஒரு ரூபாய்கூடக் கூட்டிப் போடவில்லை என்பது மட்டும் தெரியும்.

கோல்டு என்றாலே இரண்டாவது குழாய் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். சான்றுக்கு வேண்டிய புள்ளிகளைப் பல வழிகளில் சேர்க்கலாம். ஷாஃப்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஹெல்த் ஃபாசெட் (டாய்லெட்டில் கழுவிக்கொள்ளும் கைக்குழாய்) நல்ல தண்ணீர்க் குழாயில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காது: நண்பனின் சங்கம் பிளம்பரைக் கூப்பிட்டுக் கேட்டது, மாடிக்கு மாடி டைல்ஸை உடைக்க வேண்டும் என்றதும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள்.